என் மோதிரம் போலிதான், நம்புங்கள்

நான் பயந்த காரியங்கள் எதுவும் நான் பயந்தபடி கெட்டதில்லை. நினைத்தே பார்க்காத இன்னொரு வழியில்தான் கெட்டிருக்கின்றன. என் நிச்சயதார்த்த மோதிரமும் அப்படித்தான்.

அப்போது நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன் (இப்போதும் அதேதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது). திருச்செங்கோட்டில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெயர் பிருந்தா. அவளுடைய அப்பா ரிக் வண்டி வைத்திருந்தார். ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டே ஆளானவர். அவரைக் கண்டால் எனக்குப் பயம். அவர் என்னை ஒன்றும் சொன்னதில்லை. எதுவுமே சொல்ல மாட்டார் என்பதுதான் பயம். முதல் தடவை பார்த்தபோது என் கையைக் குலுக்கிவிட்டு, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். (பேனா மட்டுமே தூக்கிய கை என்று வருத்தப்பட்டாரோ என்னவோ.)

மோதிரம் மாற்றுவது என்று பேசி முடித்ததும் பிருந்தா போனில் சொன்னாள். "எனக்கு வைரமெல்லாம் வேண்டாங்க. நீலக் கல்லு வெச்சு ஒண்ணு எடுங்க. நல்லா இங்க் மாதிரி நீலமா இருக்கோணும்."

வைரம் வேண்டாம் என்றதும் போன உயிர் திரும்பி வந்தது. சேலம் கடைவீதியில் ஒரு கல் கடைக்குள் ஏறியதும் மறுபடியும் போய்விட்டது. கடைக்காரர் வெல்வெட் துணியில் ஒரு நீலக் கல்லை வைத்து விலையைச் சொன்னார். நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மூச்சுக் காற்று பட்டுத் தேய்ந்துவிட்டது என்று என் தலையில் கட்டிவிட்டால் என்ன செய்வது? தங்கம் விற்ற விலையில் வளையத்துக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று மெல்லிய குரலில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

"கெம்பு பாக்கறீங்களா தம்பி? அதுல சின்னதா வரும்."

"நீலந்தானுங்க கேட்டிருக்காங்க."

அவர் இன்னொரு டப்பாவைத் திறந்தார். "இதும் நீலந்தான். என்ன, மண்ணுக்குள்ள பொறக்கல, மெஷின்ல பொறந்துச்சு. நெறத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. வெலைதான் வேற."

அன்றைக்கே பிருந்தாவுக்குப் போட்டோ அனுப்பி உண்மையைச் சொன்னேன். "கலர் சூப்பருங்க, இதே போதும்" என்றாள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்று. 'இதென்ன மெஷின் கல்லா?' என்று மாமனார் கேட்டுவிடுவாரோ என்பதுதான் என் நடுக்கமெல்லாம். கனவில் அவர் ரிக் வண்டியோடு வந்து, அந்தக் கல்லின் மேல் துளை போட்டுச் சோதித்தார்.

நிச்சயத்தன்று மோதிர டப்பி என் சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சு அடித்த அடியில் அது குதித்தது வெளியே தெரிந்திருக்கும். டப்பியை வாங்கித் திறந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்தார்கள். மாமனார் குனிந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது என்ன கல்லுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நீலமுங்கண்ணா. அசல் நீலம். சேலத்துல பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்தானுங்க."

மாமனார் தேளைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நீலம் சனி பகவானுடைய கல் என்பார்கள். ஒத்துக்கொண்டால் தூக்கி நிறுத்துமாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் தெருவில் நிறுத்துமாம். இவர் ஒரு காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று நீலம் போட்டிருக்கிறார். அந்த வாரமே ஆந்திராவில் ரிக் சாய்ந்து, இவருடைய தம்பிக்குக் கால் உடைந்திருக்கிறது.

"கழட்டிக் காவேரியில வீசிட்டு வந்தவனுங்க நான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே அன்றுதான். "எம் புள்ளைக்கு இப்ப ஏழரைச் சனி நடக்குதுங்க. அவ கையில இதப் போட உடமாட்டனுங்க. நிச்சயத்த இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

'இன்னொரு நாள்' என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, பயப்படாதீங்க. இது அசல் இல்லீங்க. மெஷின்ல செஞ்ச கல்லு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மாமனாரோ நம்பவே இல்லை.

"கண்ணாலம் நிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க மாப்ள. எந்த மாப்ள தன் மோதரத்தப் போலின்னு சபையில சொல்லுவான்?"

"நெசந்தாங்கப்பா, எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாரு" என்றாள் பிருந்தா.

"நீ சும்மாரு சாமி."

பில்லை எடுத்து நீட்டினேன். அதில் 'நீலக் கல்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. கடைசி வழியாகக் கடைக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். வியர்வையில் போன் இரண்டு முறை கையிலிருந்து வழுக்கியது.

"அண்ணா, அந்த நீலக் கல்லு வாங்கினவன் பேசறனுங்க. பொண்ணு ஊட்டுல கேக்கறாங்க. அது அசலுங்களா, மெஷின் கல்லுங்களா?"

ஒரு நொடி யோசித்தார். அந்த நொடியில் என் மானத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"அசலுங்க தம்பி. சிலோன் கல்லு. நம்ம கடையில மெஷின் கல்லே கெடையாதுங்க."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"அண்ணா, மெஷின்ல பொறந்ததுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, ரகசியமாக, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "தம்பி, பக்கத்துல ஆளுக இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப அசல்தான்."

முதலில் சிரித்தது பிருந்தா. வாயைப் பொத்தியும் அவளால் முடியவில்லை. அடுத்து மாமனாரின் தோள் குலுங்கியது. அவருக்குப் பல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போனை வாங்கி, "ஏனுங்க, பொண்ணோட அப்பன் பேசறனுங்க. அசலா இருந்தாத்தான் கண்ணாலம் நின்னு போகும். இப்பச் சொல்லுங்க" என்றார்.

"அடடா, அப்படீங்களா? மெஷினுங்க. சத்தியமா மெஷினுங்க."

"அப்பப் போடுங்க மாப்ள" என்றார் மாமனார்.

என் கை ஆடிய ஆட்டத்தில் மோதிரத்தை விரலில் நுழைக்க முடியவில்லை. கடைசியில் பிருந்தாதான் விரலைக் கொண்டுவந்து மோதிரத்துக்குள் விட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டாலும், மச்சினன் மார்க்கைக் கேட்டாலும், "பக்கத்துல ஆளுக இருக்காங்களா?" என்றுதான் பதில் வரும். அம்மாவும் இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறார் (என்னை மன்னித்துவிட்டார் என்று அர்த்தமில்லை).

போன கோடையில் என் வீட்டுக்கு மாமனாரே வந்து போர்வெல் போட்டார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய், "தண்ணி எப்படீங்க மாமா?" என்றேன்.

அவர் சுற்றி நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "நல்ல தண்ணிங்க மாப்ள" என்றார் உரக்க.

துளையிலிருந்து வெறும் புழுதிதான் வந்துகொண்டிருந்தது.