கிணத்துக்கடவில் மூண்ட அலைப்போர்

கடற்காற்று ஒருநாளும் எட்டிப்பாராத கிணத்துக்கடவுத் தென்னஞ்சோலை நடுவே, தகரக் கொட்டகையினுள், இருபது மீட்டர் சிமெண்டுத் தொட்டிக்குள் ஆர்கலியாம் கடலை அடைக்கத் துணிந்த அடலேறே, கீபோர்டு ஆளும் செங்கையாளே, பொறியாளர் குலக்கொழுந்தே, மெர்சியே, நின் கொற்றம் வாழ்க!

கடலலையின் உயரம் அளக்கும் மஞ்சள் மிதவைக் கருவியை ஈராண்டு கண்துஞ்சாது சமைத்தவள் அவள். முன்னிரு சோதனைகளிலும் அது குப்புறக் கவிழ்ந்தது. மூன்றாம் முறையும் கவிழ்ந்தால் மிதவைக்கு முழுக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் வாளி வார்க்கப்போவதாக, கடலைக் காலண்டரில் மட்டுமே கண்ட கடல்வேந்தர், முதலாளி அழகிரிசாமி, சூளுரைத்திருந்தார்.

முற்பகல் பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து தரச்சோதனை அதிகாரி எழுந்தருளினார். மெர்சி பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முரசென முழங்க, தொட்டியின் ஒருமுனைப் பலகை நீரை உந்தித் தள்ள, மதங்கொண்ட களிற்றணியெனப் புறப்பட்டன அலைகள். அந்தோ! எதிர்ச்சுவரில் முட்டியவை அங்கேயே மடியாமல், இருமடங்கு வெறியோடு திரும்பிவந்து, பின்வந்த தம் உடன்பிறப்புகளோடே பொருத, இடைப்பட்ட மிதவை பம்பரமாய்ச் சுழன்று பக்கவாட்டில் சாய்ந்தது.

"அம்மணி, இன்னும் பெருசா உடு! வீடியோவுல பாத்தா புயலாட்டத் தெரியோணும்!" என்று செல்போனை வாளென உயர்த்தி ஆணையிட்டார் வேந்தர்.

"நீங்க வீடியோ எடுங்க சார். அலைய நான் அடக்கிப்போட்டு வாரேனுங்க!"

வஞ்சினம் உரைத்த வஞ்சி, பக்கத்துக் கயிற்று ஆலைக்குப் பாய்ந்து, ஆளுயரத் தேங்காய்நார்க் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துவந்து, சுடிதாரோடு இடுப்பளவு நீரில் குதித்து, எதிர்ச்சுவர் நெடுகக் கோட்டையென அடுக்கினாள். பாய்ந்துவந்த பகையலைகள் அந்நாரிற் புதைந்து, நுரைகக்கி, மூச்சடங்கி மாண்டன. எழுந்தது மிதவை! அலைக்கு அலை ஏறி இறங்கி, அரியணை அமர்ந்த அரசிபோல் அரைமணி நேரம் சாயாது நின்றது! கண்ணீரும் தொட்டிநீரும் கலந்து வழிய மெர்சி சிரித்தாள். "கோவையில் கடலை வென்றோம்" என்று வேந்தர், தாமே நீரில் இறங்கியவர்போல், வாட்ஸப் குழுக்கள் பதினான்கிலும் வெற்றிச்சங்கு ஊதினார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ரீடிங்கைக் காட்டுங்கம்மா" என்றார்.

மெர்சி கருவியின் ஸ்விட்சைப் போட மறந்திருந்தாள்.