நாற்பதாயிரம் முறை போன மெயில்

ஒரு காட்டில், அதாவது நிழலில் ஒதுங்கக்கூட மூன்று பிரதியில் விண்ணப்பம் கேட்கும் ஒரு காட்டில், வெளிக்காடுகளுக்கு மெயில் அனுப்ப இரண்டு சர்வர்கள் இருந்தன. ஆலமரப் பொந்தில் இருந்ததைக் காகம் பார்த்துக்கொண்டது. பாறைக் குகையில் இருந்ததை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டது. இரண்டுக்கும் மேலதிகாரி நரி. "ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவரிடம் தள்ளிவிடலாம்" என்று நரி ஒரு விதி எழுதி வைத்தது. நல்ல விதிதான். நம் ஆட்கள் கையில் கிடைக்கும்வரை எல்லா விதியும் நல்ல விதிதான்.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. செவளை என்ற பெண்மானுக்குப் பிறந்து பத்தே நாளான குட்டி. மடியில் பால் இல்லை. பக்கத்துக் காட்டில் குளக்கரையோரம் ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்று மெயில் வர வேண்டும், அவ்வளவுதான். செவளை திங்களன்றே அனுப்பிவிட்டது.

மெயில் காகத்திடம் வந்தது. "வெளிக்காட்டு விவகாரம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலைதான் உருளும்" என்று, வெளிக்காட்டு மெயில் எல்லாம் பாறைக்கே போகும்படி அது மாற்றி வைத்தது. முள்ளம்பன்றியும் அதே பயத்தில், அதே நாளில், எல்லாவற்றையும் ஆலமரத்துக்குத் திருப்பியது. ஒன்றை ஒன்று கேட்கவில்லை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடமாகிறது. செவளையின் மெயில் பொந்துக்கும் குகைக்கும் நடுவே பந்துபோலப் போய்வந்துகொண்டே இருந்தது.

வியாழனன்று செவளை நரியிடம் ஓடியது.

"சார், பதிலே வரலையே?"

நரி திரையைக் காட்டியது. "ஒரு தடவையாம்மா? நாப்பதாயிரம் தடவை அனுப்பியிருக்கோம், பாருங்க."

"போய்ச் சேர்ந்துச்சா சார்?"

"அனுப்புறது மட்டும்தாம்மா நம்ம செக்‌ஷன்."

மறுநாள் செவளை குட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனது. அரை மணி நேரத் தூரம்தான். அந்தக் காட்டு வாசலில், இடம் பதியும் குரங்கு உட்கார்ந்திருந்தது. "இடம் காலியாத்தான் இருக்கு. ஆனா நேர்ல வந்து நின்னா எப்படிப் பதியுறது? மெயில் வரணும்ல?" என்றது. ஐந்து மணிக்கு இடம் ஒரு காட்டெருமைக்குப் போனது. குளம் கண்ணெதிரே இருந்தும் குட்டியை ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடவில்லை.

மாதக் கடைசியில் சிங்கராஜா அறிக்கை பார்த்தார். வெளியே அனுப்பிய மெயில் எண்ணிக்கையில் சுற்றுவட்டாரக் காடுகளிலேயே முதலிடம்! நரிக்குப் பொன்னாடை, காகத்துக்கும் முள்ளம்பன்றிக்கும் ஆளுக்கொரு கேடயம் என்று முடிவானது. கைதட்ட வரச்சொல்லி அச்சடித்த அழைப்பிதழோடு நரியே செவளையைத் தேடி வந்தது.

"எதுக்கு சார் நேர்ல வந்து சிரமப்படுறீங்க?"

"மெயில்ல போட்டா வந்து சேராதேம்மா!"

நீதி: போய்ச் சேர்ந்த மெயில் ஒன்றாகத்தான் எண்ணப்படும்; சேராமல் சுற்றும் மெயிலே பொன்னாடை வாங்கித் தரும்.