மரகதத்தை அனுப்பி வைக்கவும்

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
புரட்டாசிக் கடைசி

பெருமதிப்புக்குரிய மச்சான் வேலுமணி அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் நஞ்சப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், வீடு, கார் மூவரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் புது வீடும், அதில் இரண்டு மாதமாகத் தங்கியிருக்கும் என் மனைவியும் சுகமாக இருக்கப் பண்ணாரி மாரியம்மன் துணை நிற்கட்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் போனில் பேசினால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், கோபிச்செட்டிபாளையமே கேட்கிறது. இது ஊர் கேட்கிற விஷயமில்லை.

ஆவணியில் தங்கள் புதுமனை புகுவிழாவுக்காக மூன்று வாரம் என்று சொல்லிப் புறப்பட்டாள் மரகதம். நானும் வந்திருக்கலாம்தான். ரிட்டையர் ஆகிவிட்ட ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வெயில் ஒத்துக்கொள்ளாது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று எதையோ சொல்லி நின்றுவிட்டேன். விழா நல்லபடியாக முடிந்தது. பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. ஆனால் பிள்ளையார் சதுர்த்தி முடியட்டும் என்றீர்கள். அப்புறம் புரட்டாசிச் சனிக்கிழமை என்றீர்கள், ஆயுதபூஜை என்றீர்கள், இப்போது தீபாவளி கழியட்டும் என்கிறீர்கள். மச்சான், நம் காலண்டரில் விசேஷமில்லாத வாரம் என்று ஒன்று கிடையாது. இப்படியே போனால் தைப்பொங்கலும் வந்துவிடும், மாரியம்மன் பண்டிகையும் வந்துவிடும். அதற்குள் இங்கே மரத்தில் ஓர் இலைகூட இருக்காது.

மரம் என்றா சொன்னேன், அதுதான் இங்கே பிரச்சினை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேப்பிள் மரம் இருக்கிறது. இந்த மாதத்தில் அதன் இலையெல்லாம் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்துவிடும். இத்தனை வருஷமாக நான் அதை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. விடிவதற்குள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. இலையுதிர் காலம் முழுவதையும் ரயில் போகிற வேகத்தில் பார்த்த ஆள் நான். சனி, ஞாயிறு என்றால் துணி துவைப்பது, காஸ்ட்கோ கடையில் சாமான் வாங்குவது, மகள் தென்றலுக்குப் பாட்டு கிளாஸ். அப்போதெல்லாம் மரகதம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"ரிட்டையர் ஆனதும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பாக்கோணுங்க. எல்லாரும் ஆபீஸ் போயிருக்கோணும், நாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கோணும். சனிக்கிழமை பாத்தா அதுவும் ஒரு வேலையாட்டத்தானுங்க இருக்கும்."

அவ்வளவுதான் அவள் ஆசை. டெக் என்கிற பின்பக்கத்து மரத் திண்ணையில் இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் காப்பி, எதிரே மரம். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு ஆப்பிள் தோட்டத்துக்குப் போய், கையெட்டும் உயரத்தில் பறித்து, அங்கேயே சட்டையில் துடைத்துக் கடிக்க வேண்டும். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். மரமும் சிவந்துவிட்டது. வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமையும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆள்தான் கோபியில் இருக்கிறாள்.

தனியாக இருந்து நான் படும் பாட்டையும் கேளுங்கள். முதலில் கறிவேப்பிலை. பனி விழுவதற்குள் தொட்டியை உள்ளே எடுத்து வைக்காவிட்டால் செடி செத்துவிடும். அது இரண்டு பேர் தூக்குகிற தொட்டி. வருஷா வருஷம் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து, நடுவழியில் கீழே வைத்துச் சண்டை போட்டு, மறுபடி தூக்குவோம். இந்த வருஷம் தனியாளாக என்ன செய்வது? எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் தொட்டியை ஏற்றி, வடம் பிடிக்கிறதுபோல இழுத்தேன். தேர் கண்ணாடிக் கதவின் இடுக்கில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை, கதவையும் சாத்த முடியவில்லை. ஹீட்டர் நியூ ஜெர்சி முழுவதற்கும் சூடேற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் ஓர் அணில் உள்ளே வந்து, தாங்கள் அனுப்பிய நிலக்கடலையைக் கண்டுபிடித்துவிட்டது. ஜமுக்காளம் கிழிந்துவிட்டது, மன்னிக்கவும். ஜமுக்காளத்தில் பழுதில்லை, இழுத்த ஆள் ஒற்றையாள், அவ்வளவுதான்.

அடுத்தது காப்பி. கை பழகிவிட்டது, இரண்டு டம்ளர் போட்டுவிடுகிறேன். கீழே ஊற்ற மனசு வராமல் இரண்டையும் நானே குடித்து, பிரஷர் ஏறி, டாக்டர் வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார். வாக்கிங் போனால் எதிரே வருகிறவரெல்லாம் ஆன்ட்டி எங்கே என்று கேட்கிறார்கள். அதனால் வாக்கிங்கும் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் மானம் போனது. மரகதத்துக்கு மரத்தையாவது காட்டலாம் என்று அவளுடைய நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் வழக்கம்போல் இரண்டு டம்ளர். பக்கத்து வீட்டுக் கரோல் நல்ல பெண்மணி, தனியாக ஒரு நாயோடு இருப்பவர். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் போன் தெரியாது. இரண்டு மாதமாக மரகதத்தைக் காணவில்லை, இந்த ஆள் காலி நாற்காலியோடு பேசுகிறான் என்பது மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஆப்பிள் பை என்கிற இந்த ஊர்ப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பெண்டாட்டி பிறந்த வீடு போனால் இந்த ஊரில் இப்படி வந்து விசாரிப்பார்கள் போலிருக்கிறது, நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். மகள் வந்தாளா என்று கேட்டார். அவளுக்கு சான் ஹோசேயில் வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்றேன். கரோலின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்போது நாற்காலியிலிருந்து மரகதம், "யாருங்க அது, கரோலா? நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். கரோல் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது. கீழே விழ இருந்த பலகாரத்தை நான் பாய்ந்து பிடித்துவிட்டேன்.

மரகதம் உயிரோடுதான் இருக்கிறாள் என்று கரோல் சமாதானமாகித் திரும்பிப் போன பிறகு, மரகதம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு, பார், நிலைமை இவ்வளவு மோசமாகிவிட்டது, உடனே டிக்கெட் போடுகிறேன், கிளம்பி வா என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"கண்ணாலமாகி இத்தனை வருசத்துல ஒருக்காவாச்சும் எங்க வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அண்ணன்தான் ஏர்போர்ட்டுல கொண்டாந்து விடும். இந்தத் தடவை நீங்க வந்து கேளுங்க, வாறேன்."

என்ன பேச்சு மச்சான் இது? அப்போதெல்லாம் ஆபீஸில் லீவு கிடையாது, பிறகு கிரீன் கார்டுக்காக நாட்டைவிட்டு நகர முடியாத வருஷங்கள், அதற்கப்புறம் தென்றலுக்குப் பரீட்சை. பேரன் பேத்தி எடுக்கிற வயசில், மீசை நரைத்த மாப்பிள்ளை தங்கள் வாசலில் வந்து நின்று பெண்டாட்டியை அனுப்புங்கள் என்று கேட்டால் கோபியில் சிரிக்க மாட்டார்களா? எனவே வீட்டுக்குப் பெரியவர் என்ற முறையில் தாங்களே நல்ல வார்த்தை சொல்லி, தீபாவளிக்கு முன்பாகவே மரகதத்தை விமானம் ஏற்றி அனுப்பி வைக்கவும். இலைகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். காற்றடித்தால் அதுவும் இல்லை. நான் வருவதாக இல்லை. இது என் கடைசி முடிவு. அவள் இல்லாமல் இந்த மரத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் தோட்டத்து மஞ்சளும் வாழையும் நன்றாக விளையட்டும்.

தங்கள் அன்பு மறவாத,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. தபால் போய்ச் சேருவதற்குள் நானே வந்துவிடுவேன், நேற்று டிக்கெட் போட்டாயிற்று. கறிவேப்பிலையைக் கரோல் பார்த்துக்கொள்கிறார். ஒரு பக்கம் அவர் பிடித்தார், தொட்டி உள்ளே வந்துவிட்டது. தாங்கள் இதைப் படிக்கும்போது நான் தங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், தயவுசெய்து சத்தமாகப் படிக்க வேண்டாம். நாங்கள் திரும்பி வருவதற்குள் மரம் மொட்டையாகிவிடும், போகட்டும், அடுத்த வருஷமும் சிவக்கும். ஒரே ஒரு உதவி மச்சான். மரகதத்தை அனுப்புங்கள் என்று நான் கேட்டதும் சரியென்று சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை முடியாது என்று சொல்லுங்கள். நான் இரண்டாவது தடவை கேட்பதும் அவள் காதில் விழட்டும்.