முப்பத்திரண்டு மாடியும் என் மொட்டைமாடி வெயிலும்

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணன் தவின் அவர்களுக்கு,

பாங்காக்கிலிருந்து தங்கை பிரயோங் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மைத்துனர் சனித்தும் இரண்டு சலவை மெஷின்களும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும், பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாதென்று நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மூன்று சண்டைச் சேவல்களும் நலமாயிருக்க, வாசல் காவல் தெய்வத்துக்குச் சிவப்பு சோடா வைத்து வேண்டிக்கொண்டேன்.

நிற்க, நம் வீட்டுக்குக் கிழக்கே மாமரங்கள் நின்ற காலி மனையில் முப்பத்திரண்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. எங்கள் சந்தின் எதிர்ப்புக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற சார்ஜென்ட் பூன்லோம், என் மொட்டைமாடிக்கு வந்து துடைப்பக் கட்டையை நட்டுவைத்து, நிழல் எங்கே விழும் என்று காட்டினார். கிளினிக் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடச் சீருடை, கோயில் பிக்குகளின் காவித்துணி என்று நான் காயப்போடும் கொடி அத்தனையும் நிழலுக்குள் போய்விட்டது. மழைக்காலத்தில் மத்தியானத்துக்கு மேல் வானம் கொட்டித் தீர்ப்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இருப்பது காலை வெயில் ஒன்றுதான். அதுவும் போனால் சலவைக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். உலர்த்தும் மெஷின் வாங்கினால் கரண்டு பில் கட்டவே நான் துவைக்க வேண்டும்.

இதில் கேவலம் என்னவென்றால், நாங்களே தலையாட்டியிருக்கிறோம். கட்டுமுன் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், அதற்காகக் கம்பெனி நிம் என்றொரு பெண்ணை வீடுவீடாக அனுப்பியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கட்டடம் வந்தா உங்களுக்கு ஏதும் தொந்தரவு உண்டா பெரியம்மா? எண்ணூறு வீடு வருது, எல்லார் துணியும் உங்களுக்குத்தான்" என்றாள். துணி வரும், வெயில் வருமாடி என்று மனசுக்குள் கேட்டேன். வாயோ, "தொந்தரவு ஒண்ணுமில்லம்மா, உள்ள வந்து ஒக்காரு" என்றது. எலுமிச்சை டீயும் கொடுத்து அனுப்பினேன். வெயிலில் அலைந்து வந்த பிள்ளையிடம் எப்படி அண்ணே முகத்துக்கு நேரே தொந்தரவு என்று சொல்வது? முதல் கூட்டத்தில் கம்பெனி மேனேஜர் திரையில் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினார்: இந்தச் சந்தில் யாருக்கும் தொந்தரவில்லை. சார்ஜென்ட் எழுந்து, "யாருய்யா அப்படிச் சொன்னது?" என்று கர்ஜித்தார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவரும் தரையைப் பார்த்தார். அவர் வீட்டில் அவளுக்கு மாம்பழம் கொடுத்தார்களாம்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோயில் மண்டபத்தில் மறுப்புச் சொல்லும் பயிற்சி ஆரம்பித்தோம். சார்ஜென்ட் அக்குளில் ஃபைலை இடுக்கிக்கொண்டு நிம் மாதிரி குழைந்து பேசுவார், ஒவ்வொருவரும் தொந்தரவு என்று சொல்ல வேண்டும். தேங்காய்ப்பால் பலகாரம் விற்கும் சம்ருவாய் முதலில் போனாள். "தொந்தரவுதான் சார்... ஆனா ரொம்ப இல்ல... நீங்க கட்டியே ஆகணும்னா கட்டிக்கங்க" என்று சொல்லி, மனசு கேட்காமல் ஒரு பொட்டலத்தையும் நீட்டினாள். "முப்பத்திரண்டு மாடியத் தூக்கிக் குடுத்துட்டு, கூடவே பலகாரமுமா?" என்று கத்திவிட்டு சார்ஜென்ட் அதைத் தின்றார். நான் வீட்டில் உங்கள் மைத்துனரை வைத்துப் பழகினேன். காப்பி கேட்டால் முடியாது, குழம்பு கேட்டால் முடியாது. இப்போது அவரே காப்பி போட்டு எனக்கும் ஒரு கோப்பை தருகிறார். போராட்டத்தால் இதுவரை கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

இதற்கிடையில் கம்பெனிக்காரர்கள் காலி மனையில் கண்ணாடி ஆபீஸ் போட்டு, தங்கள் வெள்ளைச் சட்டைகளை யாரிடம் சலவைக்குப் போட்டார்கள் தெரியுமா? என்னிடம்! வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், வாங்கி வைத்துவிட்டேன். அப்போதுதான் அண்ணே எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் அந்தச் சட்டைகளை நன்றாகத் துவைத்தேன். ஆனால் மாடிக்குக் கொண்டு போகவில்லை. குளியலறைப் பக்கம் மாடிப்படிக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில், இரண்டு நாள் கிடந்து காயட்டும் என்று விட்டேன். பிறகு கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டுக் கூட்டத்தன்று காலையில் அனுப்பினேன். இஸ்திரிச் சூட்டில், வெயில் படாத துணியின் முடை நாற்றம் பதுங்கிக்கொள்ளும். உடம்புச் சூடு பட்டால்தான் எழுந்திருக்கும்.

எழுந்தது. பள்ளிக்கூட ஹாலில் ஏசி போட்டு ஜன்னலெல்லாம் மூடியிருந்தார்கள். மேனேஜர் நீச்சல் குளம், பூங்கா என்று படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைப் பின்னால் நகர்த்த ஆரம்பித்தார்கள். கட்ட அனுமதி தர வேண்டிய அரசாங்க நிபுணர் குழுவிலிருந்து வந்து மேடையில் உட்கார்ந்திருந்த அம்மாள் தைலக்குழாயை எடுத்து மூக்கில் செருகிக்கொண்டார். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"சார், நீங்க போட்டிருக்கற சட்டை நான் தொவைச்சது. உங்க கட்டடம் வந்தா எனக்கு எவ்வளவு வெயில் கெடைக்குமோ அவ்வளவு வெயில்லதான் காயவெச்சேன். உங்களுக்கு ஏதும் தொந்தரவு இருக்கா சார்?"

மேனேஜர் முகம் சிவந்தது. ஆனால் அவரும் நம்ம ஊர்ப் பிள்ளைதானே, பெரியவளின் மனம் நோகப் பேசுவாரா? கைகூப்பி, "தொந்தரவு ஒண்ணுமில்ல பெரியம்மா. ரொம்ப நல்லா இருக்கு, நன்றி" என்றார்.

ஹாலே சிரித்தது. சார்ஜென்ட் நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார். நிபுணர் அம்மாள் தைலக்குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "தொந்தரவில்லன்னு இங்க சொன்னா என்ன அர்த்தம்னு இப்பத்தான் தெரியுது. போய் எல்லா வீட்டுலயும் மறுபடி கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அண்ணே, எல்லாம் இந்த இரண்டாவது விசாரணையில்தான் இருக்கிறது. வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உங்களையும் கேட்பார்கள். சனிக்கிழமை பஸ் ஏறி வந்து சேருங்கள். நிம் வந்து கேட்டால் சிரிக்காதீர்கள், தண்ணி வேணுமா என்று விசாரிக்காதீர்கள், தொந்தரவு என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். அதுவரை அந்தச் சேவல்களிடமாவது சொல்லிப் பழகுங்கள். நான் தயார். இந்த ஜென்மத்தில் என் வாயிலிருந்து இனி அந்த "ஒண்ணுமில்ல" வராது.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் மூட்டுவலி தீரவும், சேவல்கள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கவும், நம் வீட்டு மாடியில் என்றும் வெயில் அடிக்கவும் புத்தபகவான் அருளட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள தங்கை,
பிரயோங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நிம் வந்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். துண்டு கொடுத்தேன். "தொந்தரவு இருக்கா பெரியம்மா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். ஆமாம் அண்ணே, சொல்லிவிட்டேன். அவள் பேனாவை உதறி, "பேனா எழுதல பெரியம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். மறுபடியும் ஒண்ணுமில்ல என்றேன். மறுபடியும் பேனா எழுதவில்லை. அவளும் கம்பெனிச் சட்டைதான் போட்டிருந்தாள், நான் துவைத்தது. காலரை இழுத்து ஒரு தடவை மோந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தொந்தரவுதாம்மா. எனக்கு வெயில் வேணும்" என்றேன். பேனா நன்றாகவே எழுதியது. சனிக்கிழமை உங்களிடமும் பேனா எழுதவில்லை என்பாள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று சட்டைப்பையிலிருந்து உங்கள் பேனாவை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.