உமேஷின் பக்கம் எனக்கு வந்தது

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள மைத்துனர் ஜெயராமனுக்கு, அசோகன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா வனஜாவும் சுகம். வேலூரில் அனைவரும் அவ்வாறே இருக்க விரும்புகிறோம்.

தீபிகாவுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன உமேஷ் வரன் முறிந்துவிட்டது. வருத்தப்படாமல் நடந்ததை மட்டும் தெரிந்துகொள்ளவும். தீபிகாவின் கம்பெனி நடத்துகிற திருமண இணையதளத்தில்தான் நானும் உமேஷும் கணக்கு வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை என் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். "வணக்கம், உமேஷ்" என்றது. கீழே, அவர் தனக்கென்று எழுதிவைத்த குறிப்பு: 'பெண் ஓகே. அப்பா போனை வைக்கவே மாட்டேங்கிறார்.' நம்ப முடியாமல் மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உமேஷே போன் செய்தார்.

"சார், உங்க பக்கம் எனக்கு ஓப்பன் ஆகுது. 'பையனுக்கு முன்மண்டையில் முடி நிற்காது'ன்னு எழுதியிருக்கீங்க."

"தம்பி, அது சொந்த உபயோகத்துக்கு எழுதினது."

"என்னுதும் அப்படித்தான் சார்."

போனை நான்தான் முதலில் வைத்தேன் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

தீபிகாவிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அது நான் எழுதின கோடுப்பா!" பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதிய தளமாம். பக்கத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தயாரித்தால் நேரமாகிறதென்று, ஒருமுறை தயாரித்ததை எடுத்துவைத்து அடுத்து வருகிறவருக்கும் அதையே கொடுக்கும்படி செய்திருக்கிறாள். எல்லாருக்கும் பொதுவான முகப்புக்கு அது சரி. ஆளுக்கு ஆள் மாறுகிற உள்பக்கத்துக்கும் அதுவே நடந்ததால், முதலில் அவர் பக்கம் எனக்கு வந்தது. எடுத்துவைத்த அந்தப் பிரதியின் கெடு முடிந்ததும், நான் மறுபடி திறந்ததில் என் பக்கம் தயாராகி அவருக்குப் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க அவளே ஸ்பீக்கரில் போட்டு உமேஷுக்குப் போன் செய்தாள். அவரும் அதே தொழில்.

"லாகின் பண்ணவங்க பக்கத்தைப் பொதுவுல வெக்கவே கூடாதுங்க."

"தெரியும். வெச்சா ஆளுக்குத் தனித்தனியா வெக்கணும்."

"அப்ப ஏன் வெக்கல?"

"நீங்க எழுதினதுல தப்பே வந்ததில்லையா?" என்று ஆரம்பித்தவள், கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினாள். குரல் உயர்ந்தது மட்டும் வெளியே கேட்டது. இரு தரப்பும் கசந்துவிட்டதாகவே நாம் கொள்ள வேண்டும். பையன் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கவும்.

உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். வனஜா எல்லாரையும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
அசோகன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன், வாசலில் உமேஷ் நிற்கிறார். "சரிபண்ணிட்டோம் மாமா" என்றார். நேற்றுவரை நான் சார். என்ன ஏது என்று கேட்பதற்குள் தீபிகா செருப்பை மாட்டிக்கொண்டு, "காபி சாப்பிட்டுட்டு வரோம்பா" என்று அவருடன் இறங்கிப் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்கிறாள் உங்கள் அக்கா. குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.