எலிகளை நம்பிய லியாவ்

விஷத்தையும் விடாமல், அதன் முறிமருந்தையும் விடாமல் சாப்பிடும் ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தைவானின் ஜியாயி நகரத்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் லியாவ் குவோஷிங் அந்த இனத்தின் திலகம்.

முட்டி வலிக்காக வேளைக்கு இரண்டு மாத்திரை விழுங்குவார். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எங்கோ படித்தது பத்தே நிமிடத்தில் நினைவுக்கு வர, கோயிலடி மூலிகைக் கடைக்கு நொண்டி நொண்டிப் போய், கறுப்புக் கஷாயம் ஒரு குவளை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, பக்கத்துக் கடையில் வான்கோழிச் சோறு சாப்பிடுகிறவர்களிடமெல்லாம் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டுவார். எலிகளுக்கு நஞ்சு கொடுத்தார்களாம். இந்த இலைச்சாற்றையும் கொடுத்தார்களாம். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம். போதாதா?

மூலிகைக் கடைக்காரி சூவே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, அந்த மாத்திரைய விட்டுட்டா இதுவும் வேணாமே?" என்றாள்.

"பொழைக்கத் தெரியாதவ!" என்று லியாவ் கடையை மாற்றினார்.

கஷாயம் தொடங்கிய ஆறாம் மாதம் கால் வீங்கியது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். லியாவின் மனைவி பாவ்ஜூ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"இப்படியே போனா டயாலிசிஸ்தான். மாத்திரை, கஷாயம் ரெண்டையும் இன்னையோட நிறுத்துங்க."

லியாவ் செய்தித்தாளை நீட்டினார். "எலிக்கே நல்லாயிருந்துச்சு, டாக்டர்!"

பாவ்ஜூ அதைப் பிடுங்கிப் படித்தாள். "அந்த எலிங்க இப்ப எப்படி இருக்கு, டாக்டர்?"

"எப்படிம்மா இருக்கும்? அறுத்துத்தானே உள்ள பார்த்திருப்பாங்க!"

லியாவுக்கு முகம் வெளுத்தது. வீடு வந்ததும், பாவ்ஜூ மாத்திரைகளைக் கொட்டியபோது குப்பைப் பையைத் திறந்து பிடித்தவர் அவரேதான். கைத்தடி ஊன்றினார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், வலி தாங்காமல் அவளுக்குத் தெரியாமல் அழவும் செய்தார். மூன்று மாதத்தில், சிறுநீரகக் கேட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கத் தொடங்கியது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மருமகன் வீட்டு விருந்தில், சோளச் சாராயம் மூன்றாவது கோப்பை உள்ளே போனதும், "கல்லீரலைக் காப்பாத்த ஏதோ கிழங்கு இருக்காமே?" என்று விசாரித்தவர் யார்?

சிரிக்காதீர்கள். நேற்று நாலு பரோட்டாவைச் சால்னாவில் முக்கி முடித்துவிட்டு, இன்று வெறும் வயிற்றில் எலுமிச்சை பிழிந்த வெந்நீரோடு இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். குடியுங்கள், நல்லதுதான். ஆனால் ஃப்ரிட்ஜில் அந்த ஐந்தாவது பரோட்டா யாருக்கு?