வெள்ளைக்கன்றுக்கு வந்த ஆட்சேபணை

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளை விக்னேஸ்வரன் அவர்களுக்கு,

மச்சான் சமுத்திரம் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கை மாரிக்கனியும் பினாங்கில் குறைவில்லாமல் இருக்க ஆண்டாள் தாயாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அடுப்பு, பால், சர்க்கரை எல்லாம் சுகம். நான் மட்டும் சுகமில்லை. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் உங்களுக்கு அனுப்பும் குரல் செய்தியெல்லாம் வசவாகவே இருக்கிறது என்று உங்கள் அக்கா மாரீஸ்வரி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கூரியர்.

மம்சாபுரத்துப் பேச்சிமுத்து நம்மிடம் பால்கோவா எடுத்துப் பினாங்கில் விற்றுப் பிழைத்தவன். இப்போது அவனே பால்பவுடரைக் கிண்டி, டப்பாவில் ‘வெள்ளைக்கன்று பால்கோவா’ என்று நம் பெயரையே ஒட்டி விற்கிறான் என்று நீங்கள் சொன்ன அன்றோடு என் தூக்கம் போயிற்று. பெயரை இந்தியாவில் பதிந்து வைத்திருக்கிறோமே, அது உலகம் முழுக்கச் செல்லும் என்றுதான் நான் இருந்தேன். ராஜபாளையத்து வக்கீல் சிரிக்கிறார். “அது இந்த நாட்டுக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. அங்க அவன் முந்திப் பதிஞ்சுட்டான்னா உங்க டப்பா அந்த ஊர்ல இறங்கவே முடியாது. அங்க நீங்கதான் போலி” என்கிறார். நான் போலியாம்! விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கிண்டுகிறவன் போலி, பவுடரைக் கரைக்கிறவன் அசல். தீபாவளிச் சரக்கு அங்கே போகும் என்று நம்பித்தான் புது அடுப்பே கட்டியிருக்கிறேன். அது போகாவிட்டால் கடையைப் பூட்டிச் சாவியை அந்தப் பேச்சிமுத்துவுக்கே அனுப்பிவிட வேண்டியதுதான்.

சரி, அங்கேயும் பதியுங்கள் என்றேன். “எந்த வகுப்பு?” என்று கேட்டார். எட்டாவது என்றேன். அவர் என் படிப்பைக் கேட்கவில்லையாம். சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம், இனிப்புக்கு முப்பதாம் வகுப்பாம். நம் டப்பாவில் இருக்கும் கன்றுப் படத்தோடு அதிலேயே போட்டோம். போன வாரம் அங்கிருந்து ஆட்சேபணை வந்தது. பெயரில் கன்று இருக்கிறது, படத்தில் நாய் இருக்கிறது, வாங்குகிறவர்கள் குழம்புவார்கள், பொருள் நாய்த் தீனி என்றால் முப்பத்தோராம் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளவும். மாப்பிள்ளை, என் பால்கோவாவை நாய்த் தீனி ஆக்கிவிட்டார்கள்!

படம் வரைந்த வேல்சாமியை ராஜபாளையத்திலிருந்து வரவழைத்தேன். அந்த மனிதர் ஆயுசு முழுக்க நாய்ப் பண்ணைகளுக்குப் போர்டு எழுதியவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“கன்னுக்குட்டிதான் அண்ணாச்சி. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தொங்குன காது. வேற என்ன வேணும்?”

“குளம்பு எங்கவே?”

“புல்லுக்குள்ள நிக்குதுல்லா, மறைஞ்சிருக்கு.”

“வால் ஏன்வே சுருண்டிருக்கு?”

“சந்தோசமா இருக்கு அண்ணாச்சி.”

அதோடு விட்டேனா? அத்தாட்சி கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு நிஜக் கன்றைப் பிடித்துவந்து, அதே படம் போட்ட கடைப் போர்டைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தி, ஜோடியாகப் போட்டோ எடுக்க நின்றேன். பூ விற்கும் முத்துப்பேச்சி கூடையை இறக்கிவிட்டு ஓடி வருகிறாள். “ஏன் அண்ணாச்சி, பச்சக் கன்னுக்குட்டிய நாய் பக்கத்துல கட்டியிருக்கீய? மெரண்டுறப் போவுது!” என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போட்டோ ஆடிப்போய்விட்டது. உள்ளே வந்து சொன்னால் உங்கள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

“ஊரே நாய் மார்க்குன்னுதான் சொல்லுது. பஸ்ஸுல வாரவுக ‘நாய் மார்க் கடைகிட்ட இறக்கி விடுங்க’ன்னுதான் கேக்காக. ஒங்க காதுல மட்டும் விழல.”

“ஏட்டி, எம்புட்டு நாளா?”

“நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து.”

வீட்டுக்குள்ளேயே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்! ஆகவே மாப்பிள்ளை, வேறொரு ஓவியரை வைத்து, குளம்பு, மடி முட்டும் முகம், தொங்கும் வால் சகிதம் சுத்தமான கன்று ஒன்று வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அங்குள்ள வக்கீலிடம் கொடுத்து, அந்த நாயை அடியோடு நீக்கிவிட்டு இந்தக் கன்றைப் பதியச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய டப்பாக்களையும் உடைத்துப் போடுங்கள். இனி என் கண்ணில் நாய் படக் கூடாது. வேல்சாமி தெருவில் எதிர்ப்பட்டால் நான் அடுத்த தெரு வழியாகப் போவதாக இருக்கிறேன்.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் பால் பொங்குவது போல எல்லாம் பொங்கட்டும், வழிந்து அடுப்பில் மட்டும் விழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த மச்சான்,
சமுத்திரம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மாரிக்கனி போன் செய்தாள். பேச்சிமுத்து தன் டப்பாவில் லட்சணமாக ஒரு நிஜக் கன்றைப் போட்டிருக்கிறானாம். “ஒருத்தரும் வாங்கலண்ணே. டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘நாயக் காணோமே, இது டூப்பு’ன்னு வச்சிட்டுப் போறாக” என்கிறாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. டப்பாக்களை உடைக்க வேண்டாம். நாயை நீக்க வேண்டாம், கன்றை நீக்குங்கள். பெயரையும் ‘நாய் மார்க்’ என்றே புது விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். வகுப்பு மட்டும் முப்பதை விட்டு அசையக் கூடாது. இனிப்பில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்டால், இது தின்ன வந்த நாய் இல்லை, காவலுக்கு நிற்கிற ராஜபாளையத்து நாய் என்று எழுதச் சொல்லுங்கள்.